ஹவாய் தீவிலிருந்து நம் கூட்ட அறை வரை



கூட்ட அறையில் வைஃபை ஆக்சஸ் பாயின்ட் பொருத்திய பிறகும் மாலையில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு அறுந்துபோகிறது என்கிறீர்கள். நியாயமான புகார்தான். ஆனால் சிக்கல் பழையது.

1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளில் இருந்த முனையங்களை ரேடியோ வழியே ஹொனலுலு கணினியோடு இணைத்தார்கள். அலோஹாநெட் என்று பெயர். அனுப்புவதற்கு எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. இருவர் சேர்ந்து அனுப்பினால் இரண்டுமே கெட்டுவிடும். ஆளுக்கொரு நேரம் குத்துமதிப்பாகக் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். கணக்குப்படி அந்த அலைவரிசையில் சுமார் 18 சதவீதம்தான் பயன்படும். நம் லிஃப்ட் வாசல் போல!

1997-இல் வந்த வைஃபை தரம், காது கொடுத்துக் கேட்டு, காலியாக இருந்தால் மட்டும் பேசுகிறது. ஆனாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் புறம்போக்கு நிலம் மாதிரி. 2005 விதிகளின்படி இந்தியாவில் உரிமம் தேவையில்லை. மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைகிறது. ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. 3-இலோ 4-இலோ வைத்தால் இரு பக்கத்துக்கும் இடைஞ்சல்.

கூட்ட அறைப் பெட்டி 6-இல் இருக்கிறது. அதை ஒட்டிய வீட்டுக்காரர்கள் உங்களுக்குள் பேசி 1, 11 என்று பிரித்துக்கொள்ளுங்கள்.