மைக் வாங்கப் போறீங்களா? முதல்ல ‘பின்’னைப் பாருங்க! யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர், 3.5 மி.மீ. - எது யாருக்கு?

யூடியூப் சேனல், பாட்காஸ்ட், இன்ஸ்டா லைவ் என எதைத் தொடங்கினாலும் முதல் செலவு பெரும்பாலும் மைக்தான். வீடியோ கொஞ்சம் மங்கலாக இருந்தால்கூட பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் குரல் கரகரவென்று கேட்டால் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆயிரக்கணக்கில் செலவு செய்து வாங்கிய மைக்கை போனில் சொருகினால் சத்தமே பதிவாகவில்லை என்பதும் பலருக்கு நடக்கிறது. பெரும்பாலும் மைக்கில் கோளாறு இருக்காது. இணைப்பு வகை பொருந்தாததுதான் காரணம். எந்த மைக் எதில் வேலை செய்யும்? பார்க்கலாம்.

டைனமிக், கண்டென்சர்: என்ன வித்தியாசம்?

மைக்கில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. மேடைப் பாடகர்கள் கையில் பிடித்துப் பாடுவது பெரும்பாலும் டைனமிக். 1966-ல் வந்த ஷூர் எஸ்எம்58 இந்த வகைதான், இன்றும் விற்பனையில் இருக்கிறது. இதற்குத் தனி மின்சாரம் வேண்டாம். வாய்க்கு அருகில் வைத்துப் பேசினால் சுற்றுச் சத்தத்தை அதிகம் இழுக்காது.

கண்டென்சர் மைக் நுணுக்கமானது. மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும். ஆனால் அதற்கு மின்சாரம் தேவை. குரலோடு சேர்த்து மின்விசிறி, தெருவில் போகும் பைக், பக்கத்து வீட்டு மிக்ஸி என எல்லாவற்றையும் பதிவு செய்துவிடும். சத்தமான வீட்டில் இருப்பவர்களுக்கு டைனமிக்தான் சேஃப்.

3.5 மி.மீ.: கறுப்புக் கோட்டை எண்ணுங்க!

ஹெட்போன் ஜாக் போலவே இருக்கும் இந்தப் பின்னில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பின்னில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருந்தால் அது டிஆர்எஸ், பொதுவாக கேமராவுக்கானது. மூன்று கோடுகள் இருந்தால் டிஆர்ஆர்எஸ், இது போனுக்கானது.

கேமரா மைக்கை நேரடியாக போனில் சொருகினால், போன் அதை மைக்காகவே எடுத்துக்கொள்ளாது. தன்னுடைய சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். இதைக் கவனிக்காமல் ஒரு மணி நேரப் பேட்டி எடுத்தால் அவ்வளவு உழைப்பும் வீண்.

ஜாக் இல்லாத போன் என்றால் கன்வெர்ட்டர் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சில கன்வெர்ட்டர்கள் பாட்டு கேட்க மட்டும்தான் உதவும், மைக்குக்கு வேலை செய்யாது. ‘மைக் சப்போர்ட்’ இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்க.

யுஎஸ்பி: சொருகினால் ரெடி

குரலை டிஜிட்டலாக மாற்றும் சர்க்யூட் யுஎஸ்பி மைக்குக்குள்ளேயே இருக்கிறது. கம்ப்யூட்டரில் சொருகினால் போதும். கேம் ஸ்ட்ரீமிங், ஆன்லைன் வகுப்பு, ஒருவர் மட்டும் பேசும் பாட்காஸ்ட் ஆகியவற்றுக்கு இது போதுமானது.

குறை என்ன? ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு யுஎஸ்பி மைக் வைத்து இருவர் பேசுவது தலைவலி. பல ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்கள் ஒரு நேரத்தில் ஒரு மைக்கைத்தான் எடுக்கும். ஆண்ட்ராய்டு போனில் இணைப்பவர்கள் செட்டிங்ஸில் ‘ஓடிஜி’ ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐபோன் 15 முதல் டைப்-சி வந்துவிட்டது. அதற்கு முந்தைய மாடல்களுக்கு லைட்னிங் பின் தேவை.

எக்ஸ்எல்ஆர்: ஸ்டூடியோக்காரர்களின் சாய்ஸ்

வட்டமான, மூன்று பின் கொண்ட இணைப்பு இது. ஒரு பின் கிரவுண்ட். மற்ற இரண்டும் ஒரே குரலை நேர், தலைகீழ் என இரு வடிவங்களில் கொண்டு போகின்றன. வழியில் கேபிளில் புகும் இரைச்சல் இரண்டு வயரிலும் ஒரே மாதிரிதான் ஏறும். மறுமுனையில் தலைகீழாக வந்த சிக்னலை நிமிர்த்திச் சேர்க்கும்போது குரல் கூடும், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். அதனால்தான் நீளமான கேபிளிலும் சத்தம் சுத்தமாக வருகிறது.

ஆனால் இதைக் கம்ப்யூட்டரில் நேரடியாகச் சொருக முடியாது. ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ என்ற பெட்டி தனியாக வேண்டும். கண்டென்சர் மைக் என்றால் அந்தப் பெட்டியில் 48 வோல்ட் ‘ஃபாண்டம் பவர்’ பட்டனும் இருக்க வேண்டும். மைக் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பிறகு ஸ்டூடியோ அமைக்கும் எண்ணம் இருந்தால், சாம்சன் கியூ2யூ, ஷூர் எம்வி7 போல இரண்டு இணைப்பும் உள்ள மைக்குகள் உண்டு. இன்று யுஎஸ்பியில் தொடங்கி, நாளை எக்ஸ்எல்ஆருக்கு மாறலாம்.

வயர்லெஸ்: புளூடூத் எல்லாம் ஒன்றல்ல

சட்டையில் மாட்டும் சின்ன வயர்லெஸ் மைக்குகள் பலவும் தனி ரிசீவரோடு வருகின்றன. அந்த ரிசீவரின் பின் உங்கள் போனுக்குப் பொருந்த வேண்டும். சாதாரண புளூடூத் இயர்பட்ஸின் மைக் போன் பேசுவதற்காக உருவானது. அதில் பதிவு செய்தால் குரல் கால் பேசுவது போலத்தான் இருக்கும். உதட்டசைவுக்கும் சத்தத்துக்கும் இடைவெளி விழவும் வாய்ப்புண்டு.

சுருக்கமாக, யாருக்கு எது?

* ரீல்ஸ், வெளியிடப் பேட்டி: ரிசீவருடன் வரும் வயர்லெஸ் காலர் மைக்
* தனி ஆள் பாட்காஸ்ட், ஸ்ட்ரீமிங்: யுஎஸ்பி டைனமிக்
* இருவர், மூவர் பேசும் பாட்காஸ்ட்: எக்ஸ்எல்ஆர் மைக்குகள், இன்டர்ஃபேஸ்
* கேமரா ஷூட்: 3.5 மி.மீ. டிஆர்எஸ் மைக்

ரெக்கார்டிங்குக்கு முன் 10 விநாடி டெஸ்ட்

எந்த மைக்காக இருந்தாலும், பதிவைத் தொடங்கி விரல் நுனியால் மைக்கை மெதுவாகத் தட்டுங்க. பிறகு போட்டுக் கேளுங்க. ‘டொக் டொக்’ என்று பலமாகக் கேட்டால் மைக் வேலை செய்கிறது. எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தால் போனின் மைக்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மேசை மைக் என்றால் வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளிக்கு மேல் வேண்டாம். விலை உயர்ந்த மைக்கை மூன்றடி தள்ளி வைப்பதைவிட, சாதாரண மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பேசினால் குரல் தெளிவாக இருக்கும்.