ஒரு தடவை, மாதாமாதம், வருஷாவருஷம்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தாத்தா காலையில் நடக்கப் போகும் கோஷ்டியில் மொத்தம் மூன்று பேர். ஒருவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். இன்னொருவர் அரசுப் பள்ளி வாத்தியார். தாத்தா வங்கி. மூன்று பேருக்கும் பிபி, சுகர் உண்டு. ஆனால் அக்டோபர் வந்தால் டென்ஷன் ஆவது தாத்தா மட்டும்தான். ஏன் என்று தேடிப் பார்த்தேன். அதில் ஒரு குட்டி வரலாறே இருக்கிறது.

முதலில் ரயில்வே. 1997-ல் வந்த தாராளமயமாக்கப்பட்ட மருத்துவத் திட்டத்தில், ஓய்வு பெறும்போது ஒரே ஒரு தடவை பணம் கட்டினால் போதும். அப்புறம் ஆயுள் முழுக்க பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது.

அடுத்தது மாநில அரசு. 2014 ஜூலையில் ஓய்வூதியர்களுக்கான இன்சூரன்ஸ் தொடங்கியது. பென்ஷனில் மாதம் 150 ரூபாய் பிடித்தார்கள். 2022 ஜூலையில் தொடங்கிய நான்கு வருடத் திட்டத்தில் அது 497 ரூபாய் ஆனது. காப்பீட்டுத் தொகையும் 2 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது.

வங்கிக்காரர்கள் கதை வேறு. 2015 மே 25-ல் கையெழுத்தான பத்தாவது இருதரப்பு ஒப்பந்தத்தோடு குரூப் இன்சூரன்ஸ் வந்தது. வேலையில் இருப்பவர்களுக்கு வங்கியே பிரீமியம் கட்டியது. ஓய்வு பெற்றவர்கள் விருப்பப்பட்டால் சொந்தக் காசில் சேரலாம் என்றார்கள். அதிகாரிகளுக்கு 4 லட்சம், மற்றவர்களுக்கு 3 லட்சம். பாலிசி வருடம் நவம்பர் 1-ல் தொடங்கும். 1986-ல் வந்த மெடிக்ளெய்ம் மாதிரி இதுவும் ஒரு வருட ஒப்பந்தம்தான்.

சிக்கல் அந்த "விருப்பப்பட்டால்" என்ற வார்த்தையில் இருக்கிறது. குரூப்பில் எல்லோரும் வயதானவர்கள், அதனால் க்ளெய்ம் அதிகம். க்ளெய்ம் ஏறினால் அடுத்த வருடம் பிரீமியம் ஏறும். பிரீமியம் ஏறினால் ஆரோக்கியமாக இருப்பவர்கள் கழன்று கொள்வார்கள். மிச்சம் இருப்பவர்களுக்குப் பிரீமியம் இன்னும் ஏறும். எங்கள் பி.காம். பாடத்தில் இதற்கு 'பாதகத் தேர்வு' என்று பெயர். வாத்தியாருக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே எல்லோரிடமும் கட்டாயமாகப் பிடிக்கிறார்கள்.

போன வருடம் பிரீமியம் குறைகிறதே என்று தாத்தா 'டாமிசிலியரி' இல்லாத பாலிசியில் டிக் அடித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் படுக்காமல் வீட்டிலிருந்தே பார்க்கும் வைத்தியத்துக்கான பணம் அதில் வராது என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. வருடம் முழுக்க மாத்திரைச் செலவு கைக்காசுதான்.

அதனால் உங்கள் வீட்டிலும் வங்கியில் ஓய்வு பெற்றவர் இருந்தால், அக்டோபரில் பத்து நிமிஷம் கூட உட்காருங்கள். டாமிசிலியரி வேண்டுமா, சூப்பர் டாப்-அப் வேண்டுமா, பாட்டி பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கோபத்தில் மொத்தமாக விட்டுவிட வேண்டாம். 2024 ஏப்ரல் முதல் 65 தாண்டியவர்களும் வெளியே புது பாலிசி எடுக்கலாம்தான். ஆனால் பழைய நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம்.

எழுபத்தாறு வயதில் மூன்று வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை. இந்த அக்டோபரில் படிவத்தைத் தாத்தா நிரப்பட்டும், டிக் அடிக்கும் முன்னால் நான் ஒரு தடவை படித்துவிடுவேன்.