பழைய மடிக்கணினியும் தமிழ்க் கோப்புகளும்

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. ஆகவே பல ஆசிரியர்கள் இப்போது பழைய மடிக்கணினியைப் புதுப்பிக்கிறார்கள். ரேமைக் கூட்டலாம், வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடலாம், புதிய இயங்குதளத்தையும் ஏற்றலாம். ஆனால் தமிழாசிரியருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது ஏன் வந்தது?

அன்றைய எழுத்துருக்களுக்கு இருந்தது மொத்தம் 256 இடம்தான். முதல் 128 ஆங்கிலத்துக்குரியது. மிச்சத்தில் தமிழை அடக்க வேண்டும். எந்த எழுத்தை எங்கே வைப்பது என்பதை எழுத்துரு செய்தவர்கள் அவரவர் விருப்பப்படி முடிவு செய்தார்கள். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தார்கள். விளைவு? ஒருவர் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத கிறுக்கலாகத் தெரிந்தது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நம் வட்டாரமும் பங்காற்றியது. 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணைய மாநாட்டை நடத்தினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். இணையத் தமிழர்கள் கூடிப் பேசித் திஸ்கி குறியீட்டை வகுத்தார்கள். 1999-இல் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது.

நிலையான தீர்வு யூனிகோட். அதில் ஒவ்வொரு குறிக்கும் தனி எண். 'க' எந்த எழுத்துருவிலும் 2965-தான். விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு யூனிகோட் தமிழைக் கொண்டு வந்தது. ஆனால் பழைய கோப்புகள் தானாக மாறவில்லை. நம் பழைய தேர்வுத்தாள்களும் பயிற்சிகளும் இன்னும் அப்படியேதான் கிடக்கின்றன.

அதனால் வன்தட்டை அழிக்கும் முன்னே இதைச் செய்யுங்க:

1. கோப்புகளோடு எழுத்துருக்களையும் வெளித்தட்டில் நகலெடுங்கள்.
2. ஒவ்வொரு கோப்பும் எந்த எழுத்துருவில் உள்ளது என்று குறித்து வையுங்கள். அது தெரியாவிட்டால் மாற்றுவது கஷ்டம்.
3. குறியீட்டு மாற்றி மூலம் யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஆங்கிலம் கலந்த வரிகளையும், 'ஔ', 'ஸ்ரீ' போன்ற எழுத்துகளையும் கண்ணால் சரிபாருங்கள்.
4. மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

மாணவர்களே, வரலாற்றுக் கட்டுரையில் காரணமும் விளைவும் காட்டச் சொல்வார்களே, அதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அன்று பொதுத் தரம் இல்லை. அதனால்தான் இன்று மடிக்கணினியை மாற்றும்போது கோப்புகளையும் மாற்ற வேண்டியிருக்கிறது.