‘இவ்ளோ சீக்கிரமாவா?’: ரேஸ் சாம்பியன்கள் விடைபெறும்போது நாம கேட்கிற கேள்வி

இன்னைக்கு நாம பேசப்போறது ரேஸை விட்டுப் போன சாம்பியன்களைப் பத்தி. அவங்க போனப்போ ரசிகர்கள் என்ன பண்ணாங்க, அது காலத்துக்குக் காலம் எப்படி மாறியிருக்கு என்பதைப் பத்தி.

2016 நவம்பர் 27, அபுதாபி. நிக்கோ ராஸ்பெர்க் முதல் தடவையா ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆகிறார். அவரோட அப்பா கேகே ராஸ்பெர்க் 1982-ல் வாங்கின அதே பட்டம். தோற்கடித்தது யாரை? லூயிஸ் ஹாமில்டனை. ஒரே டீம், ஒரே கார், சின்ன வயசுல கார்ட் ஓட்டின நாள்ல இருந்து பழக்கம். சரியா ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 2 அன்று, சாம்பியன் கோப்பையை வாங்க வியன்னாவுக்குப் போன இடத்தில், இனி ஓட்டப் போவதில்லை என்று அறிவித்தார். வயசு 31. மெர்சிடஸ் டீமோட கான்ட்ராக்ட் இன்னும் பாக்கி இருந்தது.

ரசிகர்கள் இரண்டா பிரிஞ்சாங்க. உச்சியில இருக்கும்போதே இறங்கத் தெரிஞ்சவர்னு ஒரு பக்கம். அடுத்த வருஷம் ஹாமில்டன்கிட்ட தோத்துடுவோம்னு பயந்து ஓடிட்டார்னு இன்னொரு பக்கம். மெர்சிடஸில் பெரிய பொறுப்பில் இருந்த நிக்கி லாடாவே தன் அதிருப்தியை வெளிப்படையாகச் சொன்னார். இதுல வேடிக்கை என்னன்னா, அதே லாடா 1979-ல் கனடா ரேஸுக்கான பயிற்சியின் நடுவில், போதும்னு காரை விட்டு இறங்கிப் போனவர்.

இன்னும் கொஞ்சம் பின்னாடி போவோம். 2006 செப்டம்பர் 10, இத்தாலியின் மோன்ஸா டிராக். மைக்கேல் ஷூமாக்கர் தன்னுடைய 90-வது வெற்றியை எடுக்கிறார். போடியத்துக்குக் கீழே ஃபெராரி ரசிகர்களின் சிவப்புக் கடல். சில நிமிஷம் கழித்து பிரஸ் மீட்டில் அறிவிப்பு: சீசன் முடிந்ததும் ஓய்வு. அப்போது சாம்பியன்ஷிப்பில் அலோன்சோவுக்கும் அவருக்கும் இடைவெளி இரண்டே பாயிண்ட். ஏழு பட்டம் வாங்கின மனுஷன், எட்டாவதுக்கு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கார், அவர் ஏன் போகணும்? கடைசி ரேஸ் பிரேசிலில். ஆரம்பத்திலேயே டயர் பஞ்சராகி கடைசி இடத்துக்குப் போனவர், ஒவ்வொருத்தரா தாண்டி நாலாவது இடத்துக்கு வந்தார். பார்த்துக்கிட்டு இருந்தவங்களுக்கு வலி இன்னும் அதிகம். இப்படி ஓட்டுறவர் எதுக்குங்க ரிட்டயர் ஆகணும்?

கவனிச்சீங்களா? ராஸ்பெர்க் மேல கோபம், ஷூமாக்கருக்காக அழுகை. ஆனா கேள்வி ஒண்ணுதான்: ‘இவ்ளோ சீக்கிரமாவா?’

இந்தக் கேள்வியை நாம ரொம்ப சாதாரணமா கேட்கிறோம். ஆனா ரேஸ் உலகத்தில் இந்தக் கேள்விக்கே ஒரு வரலாறு இருக்கு. ஒரு காலத்தில் இதைக் கேட்கும் வசதி ரசிகர்களுக்குப் பெரிசா கிடையாது.

1958-க்குப் போகலாம். ஜூலை 6, பிரான்ஸின் ரீம்ஸ் டிராக். ஐந்து தடவை உலக சாம்பியனான அர்ஜென்டினாக்காரர் ஹுவான் மேனுவல் ஃபாஞ்சியோவின் கடைசி ரேஸ். வயசு 47. நாலாவதாக முடித்தார். முன்னாடி போய்க்கொண்டிருந்த மைக் ஹாத்தோர்ன், ஃபாஞ்சியோவை ஒரு சுற்று பின்னுக்குத் தள்ளும் நிலையில் இருந்தும், பெரியவருக்கு மரியாதை தந்து முந்தாமல் விட்டார் என்று சொல்வார்கள். கேட்க எவ்வளவு அழகா இருக்கு, இல்லையா? ஆனா அதே ரேஸில்தான் லூயிஜி முஸ்ஸோ விபத்தில் இறந்தார்.

அந்த வருஷம் அதோடு நிற்கவில்லை. ஆகஸ்டில் ஜெர்மனியில் பீட்டர் காலின்ஸ். ஹாத்தோர்னின் உயிர் நண்பர். அக்டோபரில் மொராக்கோவில் நடந்த கடைசி ரேஸில் ஸ்டூவர்ட் லூயிஸ்-எவன்ஸின் கார் தீப்பிடித்தது. ஆறு நாள் கழித்து அவரும் இறந்தார். அந்த ரேஸில்தான் ஹாத்தோர்ன் உலக சாம்பியன் ஆனார். ஆன கையோடு ஓய்வை அறிவித்தார். 29 வயசு சாம்பியன், ராஸ்பெர்க்கை விட இளையவர். நண்பனைப் பறிகொடுத்த அந்த வருஷத்தைப் பார்த்த யாருக்கும் அவர் ஏன் போகிறார் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. கொடுமை என்னன்னா, மூணு மாசம் கழித்து, 1959 ஜனவரி 22 அன்று, இங்கிலாந்தில் கில்ஃபோர்டு பக்கத்தில் சாதாரண ரோட்டில் கார் விபத்தில் அவரும் போயிட்டார்.

அப்போதைய சாம்பியன்கள் பட்டியலை எடுத்துப் பாருங்க. அல்பெர்ட்டோ அஸ்காரி 1955-ல் மோன்ஸாவில். ஜிம் கிளார்க் 1968-ல் ஹாக்கன்ஹைமில். யோஹன் ரிண்ட் 1970-ல் மறுபடியும் மோன்ஸாவில். இறந்த பிறகு சாம்பியன் பட்டம் பெற்ற ஒரே ஆள் அவர்தான். இவங்க யாரும் பிரஸ் மீட் வைத்து விடைபெறவில்லை. ரசிகர்களுக்குக் கிடைத்தது ரேடியோ செய்தியும் அடுத்த நாள் பேப்பரும்தான்.

இதை மாற்றியதில் பெரிய பங்கு ஒருத்தருக்கு இருக்கு: ஸ்காட்லாந்துக்காரர் ஜாக்கி ஸ்டூவர்ட்.

1966, பெல்ஜியத்தின் ஸ்பா டிராக். முதல் சுற்றிலேயே மழை. ஸ்டூவர்ட்டின் கார் டிராக்கை விட்டுப் பறந்து போய் மோதி நின்றது. டேங்க் உடைந்து பெட்ரோல் அவர் உடம்பெல்லாம் ஊறிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்குக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டது. ஒரு பொறி பட்டிருந்தால் கதை முடிந்தது. அந்த நிலைமையில் சுமார் 25 நிமிஷம். வெளியே எடுத்தது யார்? மீட்புக் குழு கிடையாது. அவரை மாதிரியே டிராக்கை விட்டு வெளியே போன சக டிரைவர்கள் கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுராண்டும். ஸ்டியரிங்கைக் கழற்ற, வேடிக்கை பார்க்க வந்த ஒருத்தர்கிட்ட ஸ்பேனர் கடன் வாங்க வேண்டியிருந்தது! ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆம்புலன்ஸ் பாதை தவறியது. அதுக்கப்புறம் ஸ்டூவர்ட் காரிலேயே ஒரு ஸ்பேனரை டேப் போட்டு ஒட்டி வைத்துக்கொண்டுதான் ரேஸுக்குப் போனார்.

சீட் பெல்ட் வேண்டும், ஓரத்தில் தடுப்பு வேண்டும், டிராக்கில் டாக்டர் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார். டிரைவர்கள் மறுத்ததால் 1969-ல் ஸ்பாவில் ரேஸே நடக்கவில்லை. இதுக்கு அவருக்குக் கிடைத்தது கைதட்டல் இல்லை. ‘மோட்டார் ஸ்போர்ட்’ பத்திரிகையில் டெனிஸ் ஜென்கின்சன் அவரைக் கடுமையா விமர்சித்தார். ஆபத்துதான் இந்த விளையாட்டின் அழகு என்று நம்பியவர்களுக்கு ஸ்டூவர்ட் ஒரு பயந்தாங்கொள்ளி. மத்தவங்க கேட்க விரும்பியதையே பேசியிருந்தால் நான் இன்னும் பிரபலமான சாம்பியனா இருந்திருப்பேன், செத்தும் போயிருக்கலாம் என்ற அர்த்தத்தில் அவரே பின்னாடி சொல்லியிருக்கிறார்.

1973. இது கடைசி சீசன் என்று ஏப்ரலிலேயே முடிவு செய்துவிட்டார். டீம் முதலாளி கென் டிரெல் மாதிரி ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் தெரியும். மனைவி ஹெலனுக்குக் கூடச் சொல்லவில்லை. கடைசி ரேஸ் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென். அது அவருடைய 100-வது கிராண்ட் பிரீயா இருந்திருக்கும். அக்டோபர் 6, சனிக்கிழமை தகுதிச் சுற்றில் அவருடைய டீம் தோழர் ஃபிரான்சுவா செவெர் விபத்தில் இறந்தார். வயசு 29. அடுத்த வருஷம் டீமின் முதல் டிரைவரா ஸ்டூவர்ட்டின் இடத்துக்கு வரப்போறவர் அவர்தான். அந்தச் செய்தியே அவருக்குத் தெரியாது.

டீம் ரேஸில் இருந்து விலகியது. ஸ்டூவர்ட் 99-லேயே நின்றார். ஒரு வாரம் கழித்து லண்டனில் ஓய்வை அறிவித்தார். வயசு 34, மூணு பட்டம், 27 வெற்றி. அன்றைக்கு அது உலக சாதனை. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? அந்த வருஷக் கடைசியில் பி.பி.சி.யின் சிறந்த விளையாட்டு வீரர் விருதுக்குப் பொதுமக்கள் ஓட்டுப் போட்டு ஸ்டூவர்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். நூறு அடிக்காம போயிட்டாரேன்னு குறைப்பட்டவங்களும் இருந்திருக்கலாம். ஆனா செவெரின் மரணத்துக்கு அப்புறம் அந்த 99-ஐப் பார்த்தா, ஒரு ரேஸ் குறைஞ்சதா தெரியல, ஒரு உயிர் மிஞ்சினதாத்தான் தெரியுது. அந்த மனுஷன் 80 வயசைத் தாண்டியும் ரேஸ் பார்க்க வந்துக்கிட்டு இருந்தார்.

நான் சாஃப்ட்வேர்காரன். எங்க வேலையில ஒரு விஷயம் உண்டு. சிஸ்டம் விழுந்தா எல்லாரும் ஓடி வருவாங்க. விழாம பார்த்துக்கிட்டவங்களை யாரும் தேட மாட்டாங்க. பாதுகாப்பும் அப்படித்தான். அது சரியா வேலை செய்யும்போது கண்ணுக்கே தெரியாது. அந்த நேரத்துலதான் நமக்கு மறதி வரும்.

1993-ல் அந்த மறதி நல்லாவே வந்திருந்தது. அலைன் புரோஸ்ட் நாலாவது பட்டத்தோடு ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம் அதே வில்லியம்ஸ் டீமுக்கு அயர்டன் சென்னா வருகிறார், அவரோடு மறுபடி ஒரே டீமில் இருக்க புரோஸ்ட்டுக்கு விருப்பமில்லை. சென்னா ரசிகர்களுக்கு இது போதாதா? பயந்துட்டார்னு பேச்சு. 2016-ல் ராஸ்பெர்க்குக்குக் கிடைத்த அதே பேச்சு. ஆனா சென்னா என்ன செய்தார்? அடிலெய்டில் புரோஸ்ட்டின் கடைசி ரேஸில் தான் ஜெயித்ததும், அவரைக் கையைப் பிடித்து போடியத்தின் உச்சிப் படிக்கு இழுத்து அணைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் இமோலாவில், பிரெஞ்சு டி.வி.க்காக ஓட்டிக்காட்டிய சுற்றில், வர்ணனையாளரா இருந்த புரோஸ்ட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உன்னை எல்லாரும் மிஸ் பண்றோம் என்றார். அந்த வார இறுதியில், சனிக்கிழமை ரோலண்ட் ராட்ஸன்பெர்கர் இறந்தார். ஞாயிறு, 1994 மே 1, சென்னா இறந்தார். சாவ் பாவ்லோவில் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் புரோஸ்ட்டும் ஒருத்தர்.

அதுக்குப் பிறகு எல்லாம் திரும்ப ஆராயப்பட்டது. டிராக்குகள் மாறின, கார்கள் மாறின, கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி 2003-ல் கட்டாயமானது. 2014-ல் ஜப்பானில் ஜூல்ஸ் பியாங்கிக்கு நடந்த விபத்து, இருபது வருஷ நிம்மதியை உடைத்தது. 2018-ல் டிரைவர் தலைக்கு மேலே ‘ஹேலோ’ என்ற வளையம் வந்தப்போ ஹவாய் செருப்பு வார் மாதிரி இருக்குன்னு ரசிகர்கள் கிண்டல் பண்ணாங்க. 2020-ல் பஹ்ரைனில் ரோமன் குரோஷான் தடுப்பைப் பிளந்துக்கிட்டுப் போய், சுமார் 28 வினாடி தீக்குள் இருந்து, தானே ஏறிக் குதித்து வெளியே வந்தார். கிண்டல் அத்தோட போச்சு.

இப்போ செபாஸ்டியன் வெட்டல். நம்ம ஊர் ரசிகர்களுக்கு நேரடித் தொடர்பு உள்ள ஆள். கிரேட்டர் நொய்டாவில் நடந்த மூன்று இந்திய கிராண்ட் பிரீயையும் அவர்தான் ஜெயித்தார். 2013-ல் நாலாவது பட்டத்தை அங்கேதான் உறுதி செய்து, கூட்டத்துக்கு முன்னாடி காரை வட்டமா சுத்தி, இறங்கி காரைக் கும்பிட்டார். அதுக்கு டீமுக்கு 25,000 யூரோ அபராதம். அதே வருஷம் பல நாடுகளில் போடியத்தில் அவரை ரசிகர்கள் கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். எப்பவும் இவனே ஜெயிக்கிறான்னு எரிச்சல்.

2022 ஜூலையில் ஓய்வை அறிவித்தபோது அவர் சொன்ன காரணம், பிள்ளைகள் வளர்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கணும். கடைசி ரேஸுக்கு முன்னாடி அபுதாபியில் எல்லா டிரைவர்களும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பில் கட்டியது ஹாமில்டன். ரேஸில் பத்தாவது இடம், ஒரே ஒரு பாயிண்ட். முடிந்ததும் 2013 மாதிரியே வட்டமடித்தார். இந்தத் தடவை அபராதம் இல்லை, எழுந்து நின்று கைதட்டல்தான்.

கூச்சல் எப்படிக் கைதட்டல் ஆச்சு? நடுவுல ஒன்பது வருஷம் இருந்தது. அவர் தோற்றதைப் பார்த்தாங்க, தப்புப் பண்ணதைப் பார்த்தாங்க, 2021-ல் சில்வர்ஸ்டோனில் ரேஸ் முடிந்து காலரியில் குப்பை பொறுக்கினதைப் பார்த்தாங்க. ஒரு சாம்பியன் நம்ம கண் முன்னாடி பக்குவப்படுறதைப் பார்க்க, அவர் உயிரோடு இருக்கணும். கிளார்க்குக்கும் ரிண்ட்டுக்கும் ரசிகர்களா இருந்தவங்களுக்கு அது கிடைக்கல.

ரேஸை விட்டுட்டா எல்லாம் பத்திரம்னும் நான் சொல்ல வரல. ஷூமாக்கர் 2010-ல் திரும்பி வந்து 2012-ல் மறுபடி ஓய்வு பெற்றார். 2013 டிசம்பர் 29 அன்று பனிச்சறுக்கில் தலையில் அடிபட்டது. 2014 ஜனவரி 3, அவருடைய 45-வது பிறந்தநாள். கிரெனோபிள் மருத்துவமனைக்கு வெளியே ஃபெராரி ரசிகர்கள் சிவப்பு உடையில் சத்தமில்லாமல் நின்றார்கள். எட்டாவது பட்டத்தைப் பத்தி யோசிக்கிற நிலைமையில அங்க யாரும் இருந்திருக்க மாட்டாங்க.

அதனால அடுத்த தடவை உங்க டிரைவர் போறேன்னு சொன்னா, தாராளமா கோபப்படுங்க. அழுங்க. இவ்ளோ சீக்கிரமாவான்னு கேளுங்க. கேட்கிற நிலைமை வந்ததே பெரிய விஷயம். ஆனா பயந்து ஓடிட்டார்னு சொல்றதுக்கு முன்னாடி மட்டும், காரில் ஸ்பேனரை ஒட்டி வைத்து ஓட்டின அந்த ஸ்காட்லாந்துக்காரரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

யாரோட ஓய்வு உங்களை ரொம்பப் பாதிச்சதுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். வரட்டுங்களா?