வைக்கோலுக்கு ஒப்பிடப்பட்ட நிருபமும் ஆக்ரன் நகரத்துக் குடிநோயாளிகளும்

1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்ட மார்ட்டின் லூதர், அதற்கு எழுதிய முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். விசுவாசத்தினால் மட்டுமே மனிதன் நீதிமானாகிறான் என்று போதித்தவருக்கு, செயலில்லாத விசுவாசத்துக்கு உயிரில்லை என்று வாதிடும் நிருபம் உவப்பாக இராததில் வியப்பில்லை. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டயர் ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஆக்ரன் நகரில், குடியை விட முடியாமல் தவித்த சிலர் அதே நிருபத்தைத்தான் பற்றிக்கொண்டார்கள். மது அடிமைத்தனத்திலிருந்து மீள்வோர் வேதத்தில் ஊக்கம் பெறுவது பற்றிப் பேசுவோர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

அக்காலத்து அமெரிக்கக் குடிநோயாளிக்கு விவிலியம் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் மதுவிலக்கு இயக்கத்தின் மேடைகளில் அது முழங்கியது. 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்குச் சட்டமும் நடப்பில் இருந்தது. குடிகாரனின் அவலத்தை விவரிக்கும் நீதிமொழிகள் 23ஆம் அதிகாரமும், குடிவெறியரைத் தேவனுடைய ராஜ்யத்துக்குப் புறம்பே நிறுத்தும் பவுலின் கண்டிப்பும் அவன் செவிக்குப் பழகியவை. அவை அவனுக்குச் சொன்னது, அவன் தன்னைக் குறித்து ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்ததைத்தான்: நீ தீர்ப்பிடப்பட்டவன்.

ஆக்ரனில் அறுவை மருத்துவராக இருந்த ராபர்ட் ஸ்மித் இதற்குத் தக்க சான்று. 1935க்கு முன்னரே அவர் ஃபிராங்க் புக்மன் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழு என்னும் கிறிஸ்தவ இயக்கத்தின் கூட்டங்களுக்குச் சென்றுவந்தார், வேதத்தை ஊன்றிப் படித்தார், ஜெபித்தார். குடி மட்டும் நிற்கவில்லை. வேத வாசிப்பே போதும் என்போரும், வேதத்தால் பயனில்லை என்போரும் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

1935 மே மாதம் நியூயார்க்கிலிருந்து பில் வில்சன் என்பவர் தொழில் நிமித்தமாக ஆக்ரனுக்கு வந்தார். பங்குச் சந்தையைச் சார்ந்து வாழ்ந்தவர்; குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோற்றது. மீண்டும் மதுக்கூடத்துக்குள் நுழைந்துவிடுவோமோ என்ற அச்சத்தில், இன்னொரு குடிநோயாளியோடு பேசினால் பிழைக்கலாம் என்றெண்ணி, ஒரு போதகர் வழியாகத் தேடத் தொடங்கினார். அந்தத் தேடல் அவரை ஸ்மித்திடம் கொண்டுசேர்த்தது. கால் மணி நேரம் மட்டும் இருப்பதாகச் சொல்லி வந்த ஸ்மித், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். தன் நோயைப் பட்டறிவால் அறிந்த ஒருவரோடு முதன்முதலாகப் பேசியதே தன்னை மாற்றியது என்று பின்னாளில் அவர் எழுதினார். இடையில் ஒருமுறை சறுக்கினார். ஜூன் மாதத்துக்குப் பிறகு, 1950இல் மறையும் வரை அவர் குடிக்கவில்லை.

அந்தக் கோடையில் வில்சன் ஸ்மித்தின் வீட்டிலேயே தங்கினார். காலைதோறும் ஸ்மித்தின் மனைவி ஆன் வேதத்தை வாசிப்பார், மற்றவர்கள் கேட்டிருப்பார்கள். அக்குழுவினர் முதன்மையாகக் கொண்ட பகுதிகள் மூன்று: மலைப்பிரசங்கம், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரம், யாக்கோபின் நிருபம். மூன்றிலும் குடியைக் கண்டிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

மலைப்பிரசங்கம் நாளைய பாரத்தை இன்று சுமக்க வேண்டாம் என்கிறது. ‘வாழ்நாள் முழுதும் குடிக்கமாட்டேன்’ என்று ஆணையிட்டு மறுவாரமே முறித்தவனுக்கு, இன்றைக்கு மட்டும் என்பது தாங்கக்கூடிய அளவு. கொரிந்தியர் நிருபம் அன்பின் பொறுமையைப் பேசுகிறது. தவறியவனை மறுபடியும் வாசலில் வரவேற்க வேண்டியவர்களுக்கு அது தேவைப்பட்டது. யாக்கோபோ சோதனையில் நிலைத்திருப்பதைப் பேசுகிறார். பாவங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுவதையும் குணமடைவதையும் ஒரே மூச்சில் இணைக்கிறார். விசுவாசம் செயலில் விளங்க வேண்டும் என்கிறார். அறிக்கை, பரிகாரம், பிறருக்கு உதவுதல் எனப் பின்னர் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பின் பன்னிரண்டு படிகளில் இடம்பெற்றவற்றுக்கு இதனோடு உள்ள உறவு வெளிப்படை. அமைப்புக்கே யாக்கோபின் பெயரைச் சூட்டலாம் என்று சிலர் சொன்னதுண்டு.

ஆயினும் அப்பெயர் வைக்கப்படவில்லை. 1939இல் கிளீவ்லாந்து நகரக் கத்தோலிக்க உறுப்பினர்கள், புராட்டஸ்டண்டு சார்புடைய ஆக்ஸ்ஃபோர்டு குழுவில் தொடர இயலாத நிலையில் தனிக்குழு உருவாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் வெளியான அமைப்பின் அடிப்படை நூலில், இறைநம்பிக்கை இல்லாத உறுப்பினர்களின் வற்புறுத்தலால், கடவுள் என்ற சொல்லோடு ‘அவரவர் உணர்ந்தவாறு’ என்ற அடைமொழி சேர்ந்தது. யாக்கோபின் கருத்து அந்நூலில் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் பெயர் வருவதில்லை. 1948இல் டெட்ராய்ட் நகரில் பேசிய ஸ்மித், படிகள் எழுதப்படாத தொடக்க நாள்களில் அந்த மூன்று பகுதிகளுமே தங்களுக்கு இன்றியமையாதனவாக இருந்தன என்று நினைவுகூர்ந்தார்.

கிறிஸ்தவர்களுள் சிலர் இதை இழப்பு என்பர். நான் அவ்வாறு கருதவில்லை. அந்த அடைமொழி இல்லாதிருந்தால், நம் நாட்டில் இந்துவும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஒரே அறையில் வட்டமாக அமர்ந்து தம் கதையைச் சொல்லும் கூட்டங்கள் நடப்பது அரிது. அதே வேளையில், மீண்டுவரும் கிறிஸ்தவர் ஒருவர் தம் வேதத்தைத் திறந்து யாக்கோபை வாசிக்கும்போது, வேற்றிடம் எதற்கும் செல்லவில்லை. இந்த மரபின் ஊற்றுக்கண்ணுக்கே செல்கிறார்.

ஒன்றை மறத்தலாகாது. ஆக்ரனில் ஸ்மித் முதலில் நோயாளியை மருத்துவமனையில் சேர்த்தார்; வேதம் படுக்கைக்கு அருகில் இருந்தது, சிகிச்சைக்கு மாற்றாக அன்று. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே இடர் நேரலாம் என்பது மருத்துவம் அறிந்த உண்மை.

நம் ஊர்களில் இன்றும் குடிப்பவரின் வீட்டுக்கு ஜெபிக்கச் செல்வோர் பெரும்பாலும் திறப்பது நீதிமொழிகள் 23ஐத்தான். அங்குள்ளது பொய்யன்று. ஆனால் அதை அவர் அறிவார். அவர் அறியாதது, விழுந்தவனுக்கு என்று அதே நூலில் வேறு பக்கங்களும் உள்ளன என்பதும், அவற்றை அவரோடு அமர்ந்து வாசிக்க முன்பு விழுந்து எழுந்த ஒருவர் உண்டு என்பதும்தான்.