கணக்கு வராதவருக்கும் நாதம் வரும்

இசையோ வரலாறோ படிக்கிற பிள்ளைகளுக்கு ஒலியின் இயற்பியலைச் சொல்லித்தர எந்தப் புத்தகத்தை எடுப்பது? "ஃபார்முலாவைப் பார்த்தாலே பயமா இருக்கு சார்" என்கிற மாணவிதான், தம்புரா சுருதி இம்மி பிசகினாலும் முதலில் முகம் சுளிப்பாள். அந்தக் காதைக் கணக்கு விரட்டிவிடக் கூடாது. பாடநூல் தேர்வில் உள்ள பொறுப்பே இதுதான்.

இந்தச் சிக்கல் பழையது. 1863-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசையொலி பற்றிய பெருநூலை வெளியிட்டார். இசைவாணர்களும் படிக்க வேண்டும் என்று கடினமான கணக்கைப் பின்னிணைப்புக்குத் தள்ளினார். எல்லிஸ் 1875-இல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 1877-இல் வெளிவரத் தொடங்கிய ராலே பிரபுவின் நூலோ கணிதம் தேர்ந்தவர்களுக்கானது. ஆக, பாதை அப்போதே இரண்டாகப் பிரிந்துவிட்டது.

பொதுவாசகருக்காக ஜேம்ஸ் ஜீன்ஸ் 1937-இல் எழுதினார். பிறகு வந்தவை வகுப்பறைக்கு ஏற்ற நூல்கள்: பேக்கஸ் (1969), ரோடரர் (1973), பெனேட் (1976), ராசிங் (1982). ரோடரர் காதையும் மூளையையும் பேசுவார். பெனேட் கருவிகளுக்குள்ளேயே கூட்டிப்போவார். எல்லாம் நல்ல நூல்கள்தான். ஆனால் உதாரணம் என்றால் பெரும்பாலும் பியானோ, வயலின், கிளாரினெட். நம்ம பிள்ளை மடியில் இருப்பதோ மிருதங்கம்!

இங்கேதான் சர் சி.வி. ராமன் கைகொடுக்கிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அவர், தம்மை உருவாக்கிய மூன்று நூல்களில் ஒன்றாக ஹெல்ம்ஹோல்ட்ஸின் நூலைச் சொன்னவர். சாதாரண வட்டத் தோலைத் தட்டினால், அடிப்படை அதிர்வுக்கு அடுத்தது அதைப்போல் 1.59 மடங்கு, முழு எண் இல்லை. அதனால் தெளிவான சுருதி நிற்காது. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே 'சோறு' என்னும் கருஞ்சாந்தைப் பூசியதும் மேற்சுரங்கள் முழு எண் விகிதத்துக்கு வந்துவிடுகின்றன. இதை ராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் சிவகாளி குமாருடன் எழுதினார். 1934-இல் விரிவாக விளக்கினார். தம்புராவின் ரீங்காரத்துக்கு அதன் குதிரையின் வளைவும் நூலும் எப்படிக் காரணம் என்று 1921-இல் ஆராய்ந்தவரும் அவரே.

ஆகவே இளைய ஆசிரியர்களுக்கு என் யோசனை: மேலே சொன்னவற்றில் ஒன்றை அடிப்படை நூலாக வையுங்கள். கூடவே ராமனின் கட்டுரைகளை எளிய தமிழில் நாலு பக்கக் குறிப்பாக்கிக் கொடுங்கள். நூலைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: படித்த பக்கத்தை மாணவர் தன் கருவியில் தட்டியோ மீட்டியோ சரிபார்க்க முடிகிறதா? முடிந்தால் அதுவே நல்ல பாடநூல்.

மாணவத் தம்பி தங்கைகளே, கணக்கு வராதே என்று ஒதுங்காதீர்கள். தோலில் சோறு வைத்துச் சுருதி சேர்த்த கைவினைஞர்களும் சமன்பாடு எழுதியவர்கள் அல்ல. அவர்கள் காதால் கண்டதற்குத்தான் ராமன் பிறகு காரணம் சொன்னார்.