முதல் வரியில் ஒரு பெயர்

ஓட்டப் பந்தயத்தில் வெல்ல வேகம் வேண்டும். நீளத் தாண்டலில் வெல்லப் பாய்ச்சல் வேண்டும். டெகாத்லன் என்னும் போட்டிக்கோ இவற்றுள் ஒன்று மட்டும் போதாது. 100, 400, 1,500 மீட்டர் ஓட்டங்கள், 110 மீட்டர் தடை ஓட்டம், நீளத் தாண்டல், உயரத் தாண்டல், கோலூன்றித் தாண்டல், குண்டெறிதல், வட்டெறிதல், ஈட்டியெறிதல் ஆகிய பத்தையும் ஒருவரே இரண்டு நாட்களில் செய்து முடிக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் அட்டவணைப்படி புள்ளிகள் உண்டு. அவற்றின் கூட்டுத்தொகையே வெற்றியை நிர்ணயிக்கும்.

இப்போட்டிக்குச் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் அங்கீகரித்த உலக சாதனைப் பட்டியலின் முதல் வரியில் நிற்பவர் யார்? பெரிய வல்லரசு எதனையும் சேர்ந்தவரல்லர்; பால்டிக் கடலோரத்திலுள்ள எஸ்டோனியா என்னும் சிறு நாட்டினர். அவர் பெயர் அலெக்ஸாண்டர் க்ளும்பெர்க்.

1899-ஆம் ஆண்டு தாலின் நகரில் அவர் பிறந்தபோது, எஸ்டோனியா ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. 1918-ல் அது சுதந்திரப் பிரகடனம் செய்து, போராடி, 1920-ல் தார்த்து உடன்படிக்கையின் மூலம் அச்சுதந்திரத்தை உறுதி செய்துகொண்டது. அதே ஆண்டில், ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் பந்தயங்களுக்கு முதன்முறையாகத் தன் வீரர்களை அனுப்பியது. அவர்களுள் க்ளும்பெர்க்கும் ஒருவர். 1922-ல் ஹெல்ஸின்கி நகரில், அக்கால அட்டவணைப்படி 7,485.61 புள்ளிகள் பெற்று உலக சாதனை நிகழ்த்தினார். சுமார் 11 லட்சம் மக்களே வாழ்ந்த ஒரு புதிய நாட்டுக்கு அது எத்தகைய பெருமை என்பதை நாம் எளிதில் உணரலாம்.

சாதனைகள் நிலைப்பதில்லை. 1924-ல் பாரிஸில் அமெரிக்கரான ஹெரால்ட் ஆஸ்பர்ன் அதனை முறியடித்துத் தங்கம் வென்றார். க்ளும்பெர்க்குக்கு வெண்கலம் கிடைத்தது. பின்னர் அவர் போலந்து நாட்டு வீரர்களுக்குப் பயிற்சியாளரானார். அவரிடம் பயின்ற யானுஷ் குஸோஸின்ஸ்கி, 1932-ல் லாஸ் ஏஞ்சலீஸில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் பெற்றார்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என்னை இவ்வரலாற்றில் ஒரு செய்தி சிறப்பாகக் கவர்ந்தது. ஜெர்மன் பிரபுக்களின் நெடுங்கால ஆதிக்கத்தால் எஸ்டோனியர் பலருக்கு ஜெர்மன் குடும்பப் பெயர்களே வழங்கிவந்தன. சுதந்திர நாட்டில் அவற்றைத் தாய்மொழிப் பெயர்களாக மாற்றிக்கொள்ளும் இயக்கம் தோன்றியது. 1936-ல் க்ளும்பெர்க்கும் கோல்ம்பெரெ ஆனார். வெளி மாநிலங்களில் நம் பெயர்கள் பதிவேட்டுக்குப் பதிவேடு உருமாறுவதைக் காணும் நமக்கு, தன் பெயர் தன் மொழியில் ஒலிக்கவேண்டும் என்ற அவ்விருப்பம் விளங்காமற் போகாது.

ஆனால் அப்பெயரைத் தந்த நாடே நிலைக்கவில்லை. 1940-ல் ஸோவியத் படைகளும், 1941-ல் ஜெர்மானியரும், 1944-ல் மீண்டும் ஸோவியத் படைகளும் அதனைக் கைப்பற்றினர். மாணவரான குஸோஸின்ஸ்கியை 1940 ஜூன் மாதம் நாஜிகள் சுட்டுக் கொன்றனர். ஆசிரியரையோ 1944-ல் ஸோவியத் இரகசியப் போலீஸார் கைது செய்தனர். ஒருவருக்கு ஒரு கொடுங்கோன்மை, மற்றவருக்கு மற்றொன்று. 1956-ல் விடுதலை பெற்ற கோல்ம்பெரெ, இரண்டே ஆண்டுகளில், 1958-ல், தாம் பிறந்த தாலின் நகரிலேயே காலமானார்.

எஸ்டோனியா 1991-ல் சுதந்திரத்தை மீண்டும் நிலைநாட்டியது. 2000-ஆம் ஆண்டு ஸிட்னி ஒலிம்பிக்கில் டெகாத்லன் தங்கத்தை வென்றவர், அந்நாட்டின் எர்க்கி நூல். அவர் பெற்ற புள்ளிகள் 8,641. முதல் சாதனையாளர் அந்நாளைக் காணவில்லை.

ஒரு சாதனையை அடுத்து வருபவர் முறியடிக்கலாம். முதல்வர் என்ற இடத்தை எவரும் பறிக்க இயலாது. உலக வரைபடத்திலிருந்து அவர் நாட்டின் பெயர் மறைந்திருந்த அரை நூற்றாண்டிலும், அப்பட்டியலின் முதல் வரியில் அவர் பெயரருகே எஸ்டோனியா என்றே எழுதப்பட்டிருந்தது.